பூ மாண்டிஸ் நிறம் மாறும்போது என்ன செய்வது: குஞ்சு முதல் இறக்கை வரை முழு வழிகாட்டி

சிவப்பும் கறுப்புமாக இருந்த குஞ்சு திடீரென்று வெள்ளையாகிவிட்டது, ஏதாவது நோயா? ரோஸ் நிறமாக இருந்தது மங்கிக்கொண்டே வருகிறது, தண்ணீர் போதவில்லையா? பூ மாண்டிஸ், அதாவது பூப்போலத் தெரியும் கும்பிடுபூச்சியைப் புதிதாக வளர்ப்பவர்கள் கேட்பதில் பாதி இந்தக் கேள்விகள்தான். நிறம் மாறுவதால் பூச்சிக்கு ஒன்றும் ஆகாது. அதைப் பார்த்துப் பதறிப்போய் ஒரே நாளில் தண்ணீர் ஸ்பிரேயை இரண்டு மடங்காக்கி, கூண்டை மாற்றி, வெயிலில் கொண்டுபோய் வைக்கிறார்களே, அதில்தான் சாகிறது.

இரண்டு வகைகளை வைத்து எழுதுகிறேன். ஒன்று மலேசியா, இந்தோனேசியா, தாய்லாந்து காடுகளைச் சேர்ந்த ஆர்க்கிட் மாண்டிஸ், அதாவது ஹைமனோபஸ் கொரோனேட்டஸ். இன்னொன்று இந்தியாவிலேயே இருக்கும் கிரியோப்ரோட்டர், இந்தியன் ஃப்ளவர் மாண்டிஸ் என்ற பெயரில் வளர்க்கப்படும் சின்னக் கும்பிடுபூச்சி. மற்ற பூ மாண்டிஸ்களுக்கும் வேலையின் வரிசை இதேதான், நிறங்கள் மட்டும் வேறு.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய நிறமாற்றங்கள் எல்லாம் தோலுரிக்கும்போதுதான் நடக்கின்றன. அதனால் உங்கள் கவனம் நிறத்தின் மேல் இருக்க வேண்டாம், தோலுரிப்பின் மேல் இருக்கட்டும். கீழே உள்ள படிகளின் வரிசையும் அதற்காகத்தான்.

1. பூச்சி வருவதற்கு முன்பே தயாராக இருக்க வேண்டியவை

கூண்டின் உயரம் பூச்சியின் நீளத்தைப் போல குறைந்தது மூன்று மடங்கு இருக்க வேண்டும். தோலுரிக்கும்போது அது தலைகீழாகத் தொங்கி, பழைய தோலிலிருந்து கீழ்நோக்கி வழுக்கி இறங்கும். அந்த இடம் இல்லாவிட்டால் தரையில் முட்டி, கால் வளைந்து, அப்படியே இறுகிவிடும்.

கூரையில் கொசுவலைத் துண்டு ஒன்றை இழுத்து ஒட்டுங்கள். வழவழப்பான பிளாஸ்டிக் மூடியில் சின்னக் குஞ்சு எப்படியோ நடந்துவிடும், ஆனால் உடல் கனத்த பிறகு பிடி நழுவும். தோலுரிப்பின் நடுவில் கீழே விழுந்த பூச்சி பெரும்பாலும் தேறுவதில்லை.

அப்புறம் ஒரு ஈரப்பதமானி, நுண்ணிய துளி விழும் ஸ்பிரே பாட்டில், வடிகட்டிய தண்ணீர். கேன் தண்ணீர் போதும். உப்புத் தண்ணீரை அடித்தால் சுவரெல்லாம் வெள்ளைப் படலம் படிந்து உள்ளே இருப்பதே தெரியாது.

குஞ்சுக்கு பழ ஈ வேண்டும், அது முன்கூட்டியே பெருகி வந்துகொண்டிருக்க வேண்டும். பூச்சி வந்த பிறகு வாழைப்பழத்தைக் கனிய வைத்தால் நேரம் போதாது. தனித்தனி டப்பாக்களும் தேவை, ஒரே முட்டைக்கூட்டில் பிறந்தவையாக இருந்தாலும் ஒன்றை ஒன்று தின்றுவிடும்.

நம் வீடுகளில் பலருக்கும் தோன்றாத விஷயம் ஒன்று உண்டு. கொசுவர்த்திச் சுருள், பிளக்கில் செருகும் கொசு லிக்விட், எறும்புக்கு அடிக்கும் ஸ்பிரே எல்லாமே பூச்சிக்கொல்லிகள்தான். மாண்டிஸ் இருக்கும் அறையில் இவை எதுவுமே கூடாது. நேற்று வரை நன்றாக இருந்த பூச்சி இன்று கால் இழுத்துக்கொண்டு நிறம் கறுத்துக் கிடக்கிறது என்றால், ஈரப்பதத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன்பு இரவில் அந்த அறையில் என்ன எரிந்தது என்று கேளுங்கள்.

2. இனமும் வளர்ச்சி நிலையும் தெரிந்துகொள்ளுங்கள்

எந்த இனம், எத்தனையாவது தோல் என்று தெரியாமல் 'இந்த நிறம் சரியா' என்று கேட்டால் பதில் சொல்லவே முடியாது. முட்டையிலிருந்து வந்த குஞ்சை எல்-1 என்பார்கள், ஒரு முறை தோலுரித்தால் எல்-2, அப்படியே மேலே போகும். வாங்கும்போதே விற்பவரிடம் இதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

ஆர்க்கிட் மாண்டிஸின் எல்-1 செம்மஞ்சள் கலந்த சிவப்பு உடலோடு, கறுப்புத் தலையும் கறுப்புக் கால்களுமாக இருக்கும். தின்றால் வாய் கசக்கும் பூச்சி போலவோ கடிக்கும் எறும்பு போலவோ தெரிவதால் அந்த வயதில் அதற்கு அதுவே பாதுகாப்பு. கிரியோப்ரோட்டரின் எல்-1 கிட்டத்தட்ட முழுக் கறுப்பு, நடையும் எறும்பின் நடை. இரண்டிலுமே இந்த நிறம் முதல் தோலோடு சரி.

ஆணா பெண்ணா என்பதையும் கொஞ்சம் வளர்ந்த பிறகு பாருங்கள். வயிற்றின் அடிப்பக்கத்தில் பெண்ணுக்கு ஆறு கண்டங்கள் (வளையம் போன்ற பிரிவுகள்) தெரியும், ஆணுக்கு எட்டு. இது ஏன் முக்கியம் என்றால், ஆண் பூச்சி குறைவான தோலுரிப்புகளிலேயே வளர்ந்து முடித்துவிடும், ஆர்க்கிட் மாண்டிஸில் வளர்ந்த ஆண் பெண்ணின் பாதி நீளம்கூட இருக்காது. 'என் பூச்சி வளரவே இல்லை, நிறமும் வந்தபாடில்லை' என்று சொல்பவர்களில் நிறையப் பேர் கையில் இருப்பது நல்ல ஆரோக்கியமான ஆண்தான்.

3. முதலில் ஈரமும் காற்றும், அதன் பிறகுதான் நிறம்

ஆர்க்கிட் மாண்டிஸுக்கு 25 முதல் 30 டிகிரி வெப்பமும் 60 முதல் 80 சதவீத ஈரப்பதமும் வசதியானவை. கிரியோப்ரோட்டர் அதைவிடக் கொஞ்சம் காய்ந்த காற்றையும் தாங்கும். சென்னை போன்ற கடலோர ஊர்களில் பல மாதங்கள் இதற்காக நீங்கள் பெரிதாக எதுவுமே செய்ய வேண்டியதில்லை. ஏசி ஓடும் அறையில் மட்டும் ஈரம் சட்டென்று இறங்கிவிடும், அங்கேதான் கவனம் வேண்டும்.

புதியவர்கள் தவறுவது ஈரத்தைக் கூட்டுவதில் இல்லை, காற்றை அடைப்பதில். ஈரம் நிற்கட்டும் என்று துளைகளை டேப் போட்டு மூடிவிடுகிறார்கள். நின்ற ஈரத்தில் பூஞ்சை வரும், செத்த ஈக்கள் அழுகும், பூச்சியின் கால்களில் கரும்புள்ளி விழ ஆரம்பிக்கும். அதையும் நிறமாற்றம் என்று நினைத்து ரசித்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

மாலையில் ஒரு முறை கூண்டின் உள்சுவரில் படும்படி தண்ணீர் அடியுங்கள், மறுநாள் மதியத்துக்குள் அந்தத் துளிகள் காய்ந்துவிட வேண்டும். காயவில்லை என்றால் காற்றோட்டம் போதவில்லை. காலையிலேயே காய்ந்துவிடுகிறது என்றால் இன்னொரு முறை அடிக்கலாம். ஈரப்பதமானி காட்டும் எண்ணிக்கையை நம்புவதைவிடத் துளியைப் பாருங்கள், விலை குறைந்த ஈரப்பதமானிகள் நிறையவே தவறு காட்டும்.

இந்த நிலை ஒரு முழுத் தோலுரிப்பு வரைக்கும் சீராக இருந்த பிறகுதான் நிறத்தைப் பற்றிய எந்த முயற்சிக்கும் அர்த்தம் உண்டு. அதற்கு முன் நீங்கள் பார்க்கும் மாற்றம் எதனால் வந்தது என்று உங்களாலேயே சொல்ல முடியாது.

4. போட்டோ எடுக்கும் முறை

போன் கேமரா வெள்ளைச் சமநிலையை (ஒயிட் பேலன்ஸ், வெளிச்சத்துக்கேற்ப நிறங்களைச் சரிசெய்யும் அமைப்பு) தானாகவே மாற்றிக்கொள்ளும். அதனால் மஞ்சள் விளக்கின் கீழ் எடுத்த படத்தில் வெள்ளைப் பூச்சி வெண்ணெய் நிறமாகவும், மறுநாள் ஜன்னலோரம் எடுத்ததில் ரோஸாகவும் தெரியும். நிறம் மாறிவிட்டது என்று அனுப்பப்படும் படங்களில் கணிசமானவற்றில் மாறியிருப்பது விளக்குதான்.

ஒரே ஜன்னல், பகலில் ஏறத்தாழ ஒரே நேரம், நேர் வெயில் இல்லாத வெளிச்சம். பூச்சிக்குப் பின்னால் சாதாரண வெள்ளைத் தாள் ஒன்றை வையுங்கள். படத்தில் தாள் வெள்ளையாகத் தெரிந்தால் பூச்சியின் நிறத்தையும் நம்பலாம், தாளே ரோஸாக அடித்தால் அந்தப் படத்தைத் தூக்கிப் போடுங்கள்.

ஒவ்வொரு தோலுரிப்புக்கும் இரண்டு படங்கள் போதும். தோலுரித்த மறுநாள் ஒன்று, அடுத்த தோலுரிப்புக்கு முன் மங்கலாகும்போது இன்னொன்று. கூடவே தேதி, எத்தனையாவது தோல், கூண்டு இருந்த இடம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

5. முதல் பெரிய மாற்றம்: எல்-1 லிருந்து எல்-2

இதற்கு முந்தைய ஓரிரு நாட்கள் குஞ்சு ஈயைச் சட்டை செய்யாது. வயிறு உப்பியிருக்கும், கூரையில் ஒரே இடத்தில் தொங்கிக்கொண்டிருக்கும், நிறம் புகை படிந்ததுபோல மங்கும். இந்த நேரத்தில் மீதமிருக்கும் ஈக்களை வெளியே எடுத்துவிடுங்கள். தோலிலிருந்து பாதி வெளியே வந்த குஞ்சின் மேல் பழ ஈ ஏறி நடந்தாலே அது உதறிக்கொண்டு பிடியை விட்டுவிடும். டப்பாவை நகர்த்தாதீர்கள், பார்ப்பதற்காக மூடியைத் திறக்காதீர்கள், அந்த மூடியில்தான் அது தொங்கிக்கொண்டிருக்கிறது.

ஆர்க்கிட் மாண்டிஸ் சிவப்புத் தோலிலிருந்து வெள்ளையாக வெளியே வரும். சில சமயம் லேசான ரோஸ் சாயலும் இருக்கும். தொடைகளில் பூவிதழ் போன்ற விரிவு தெரிய ஆரம்பிப்பதும் இதற்குப் பிறகுதான். கிரியோப்ரோட்டர் கறுப்பை விட்டுவிட்டு பழுப்பும் வெள்ளையும், அல்லது பச்சையும் வெள்ளையுமான பட்டைகளுக்கு மாறும், வயிற்றை முதுகுப் பக்கமாக மடக்கி வைத்துக்கொள்ளும். சிலது இந்த முதல் தோலிலேயே பச்சைக்கு வந்துவிடும், சிலது இன்னும் ஒன்றிரண்டு தோல் வரைக்கும் பழுப்பாகவே இருக்கும், இரண்டுமே சரிதான்.

புதுத் தோல் முதலில் வெளிறிப்போய், மெழுகு மாதிரி ஒளி ஊடுருவுவதாக இருக்கும். உண்மையான நிறம் இறங்க ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். அதுவரை கையில் எடுக்கக் கூடாது, தீனியும் போடக் கூடாது. பிடிக்கும் கால்களின் முட்களும் தாடைகளும் அப்போது மென்மையாக இருப்பதால் அதனால் வேட்டையாட முடியாது.

6. நடு வயது: ரோஸ், வெள்ளை, பழுப்பு

பூச்சி வாங்கும் பெரும்பாலானோருக்கு வேண்டியது இங்கேதான் இருக்கிறது, வீண் வேலைகள் அதிகம் நடப்பதும் இங்கேதான். ஆர்க்கிட் மாண்டிஸ் வெள்ளையிலிருந்து ரோஸுக்கும், ரோஸிலிருந்து வெள்ளை அல்லது லேசான பழுப்புக்கும் போய்வரும். தோலுரிக்கும்போது மட்டும் என்றில்லை, இந்த இனத்தில் ஒரே தோலுக்குள்ளும் சில நாட்களில் மெதுவாகச் சாயல் மாறும். ஈரப்பதத்துக்கும் வெளிச்சத்துக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் இத்தனை சதவீத ஈரம் வைத்தால் இந்த ரோஸ் வரும் என்கிற கணக்கு கிடையாது. ஒரே முட்டைக்கூட்டில் பிறந்து, ஒரே அலமாரியில், ஒரே தீனியில் வளரும் இரண்டு குஞ்சுகளில் ஒன்று ரோஸாகவும் மற்றது சுண்ணாம்பு வெள்ளையாகவும் இருப்பதை இதை வளர்க்கிற யாரும் பார்த்திருப்பார்கள்.

முயன்று பார்க்கத்தான் வேண்டும் என்றால் முறையாகச் செய்யுங்கள். தோலுரித்து இரண்டு மூன்று நாள் கழித்து, அது மறுபடி சாப்பிட ஆரம்பித்த பிறகு, ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றுங்கள். கூண்டை வெளிச்சமான ஜன்னல் பக்கம் நகர்த்துவது, அல்லது உள்ளே இருக்கும் குச்சியையும் இலையையும் வெளிர் நிறத்துக்கு மாற்றுவது, இரண்டில் ஒன்று. பிறகு அடுத்த தோலுரிப்பு முடியும்வரை வேறு எதையும் தொடாதீர்கள். இளம் வயதில் அதற்கு இரண்டு வாரம்போல ஆகும், வளர வளர இடைவெளி நீளும், சூடு கூடினால் குறையும். இந்தக் காத்திருப்பு பலருக்குக் கஷ்டமாக இருக்கிறது. மூன்றாம் நாளே ஒன்றும் நடக்கவில்லை என்று அடுத்ததை மாற்றுகிறார்கள், கடைசியில் எது வேலை செய்தது என்று யாருக்கும் தெரிவதில்லை.

நேர் வெயிலில் மட்டும் வைக்காதீர்கள். மூடிய பிளாஸ்டிக் டப்பா நம் ஊர் வெயிலில் சில நிமிடங்களிலேயே கொதித்துவிடும். ரோஸ் விளக்கு போட்டாலும் விளக்கு எரியும் வரைதான் ரோஸ். தண்ணீரில் கலர்ப் பொடி கலப்பது, ஈக்களுக்குச் சாயம் ஊட்டுவது போன்ற வேலைகள் அறவே வேண்டாம், நிறத்துக்கென்று தனித் தீனி எதுவும் இதற்குக் கிடையாது.

இன்னொன்று, பிளாஸ்டிக் ஆர்க்கிட் பூக்களை கூண்டு முழுக்க அடைப்பது. 2014-இல் வெளியான, மலேசியாவில் நடந்த கள ஆய்வு ஒன்றில், ஆர்க்கிட் மாண்டிஸ் தன் உடல் நிறத்தாலேயே பறக்கும் பூச்சிகளைத் தன்னிடம் இழுக்கிறது, அக்கம்பக்கத்தில் இருந்த பூக்களைவிட அதிகமாகவே இழுக்கிறது என்று தெரியவந்தது. பூவுக்குள் ஒளிந்துகொண்டால்தான் அதற்குப் பிழைப்பு என்பதில்லை, அதுவே பூவாக நிற்கிறது. கூண்டில் அதற்குத் தேவை தொங்க ஒரு கூரை, ஏற ஒன்றிரண்டு குச்சி, தோலுரிக்க வெற்றிடம். அந்த வெற்றிடத்தில் பூங்கொத்தைத் திணித்தால் இறங்கிவரும் உடல் அதில் சிக்கும்.

கிரியோப்ரோட்டரில் இந்த ரோஸ் ஆட்டம் அவ்வளவாக இல்லை. பச்சையும் வெள்ளையும் பழுப்பும் எந்த அளவில் கலக்கின்றன என்பதுதான் மாறும், அதுவும் பெரும்பாலும் தோலுக்குத் தோல்.

7. நிறமாற்றம் போலத் தெரியும் வேறு சில

இரவில் கண் கறுப்பது: விளக்கை அணைத்துச் சில மணி நேரம் கழித்துப் பார்த்தால் வெளிர் கண்கள் முழுக்கக் கறுத்திருக்கும். இருட்டில் கூடுதல் ஒளி வாங்குவதற்காக கண்ணுக்குள் இருக்கும் நிறமி இடம் மாறுவதால் இப்படி ஆகிறது, வெளிச்சம் வந்ததும் திரும்பிவிடும்.

கண்ணில் நகரும் கரும்புள்ளி: நீங்கள் எந்தப் பக்கம் போனாலும் உங்களையே பார்க்கிற மாதிரி ஒரு புள்ளி கூடவே வரும். அது எல்லாக் கும்பிடுபூச்சிக்கும் உண்டு. ஆனால் நகராமல் ஒரே இடத்தில் பழுப்பாகவோ கறுப்பாகவோ இருக்கும் புள்ளி வேறு. தெளிவான பிளாஸ்டிக்கில் கண் திரும்பத் திரும்ப உரசியதால் வந்த தேய்மானம் அது. உள்சுவரில் வலையோ மெல்லிய தாளோ ஒட்டினால் மேலும் ஆகாமல் தடுக்கலாம், இன்னும் தோலுரிப்பு பாக்கி இருந்தால் ஓரளவு சரியாகவும் செய்யும்.

தோலுரிப்புக்கு முந்தைய மங்கல்: மேலே சொன்னதுதான். சாப்பிட மறுக்கிறது, மங்கலாக இருக்கிறது, வயிறு உப்பியிருக்கிறது என்ற மூன்றும் சேர்ந்திருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். மங்கலாக இருந்து வயிறும் சுருங்கி ஒட்டியிருந்தால் அது தாகம், ஒரு துளித் தண்ணீரை ஈர்க்குச்சி நுனியில் வைத்து வாய்ப்பக்கம் நீட்டுங்கள், வேண்டுமென்றால் குடிக்கும்.

வாயிலிருந்து கறுப்புத் திரவம், வயிற்றில் பரவும் கரும்படலம், நாற்றம்: இது நோய். தீனியை நிறுத்துங்கள், கூண்டைச் சுத்தமாகக் கழுவிக் காய வையுங்கள், தண்ணீர் மட்டும் கொடுங்கள். பெரும்பாலும் கெட்டுப்போன தீனிப் பூச்சியிலிருந்து வருவது, அதனால் அந்தத் தீனி டப்பாவையும் மாற்றிவிடுங்கள். மற்ற மாண்டிஸ்களின் பக்கத்தில் வைக்க வேண்டாம்.

8. கடைசித் தோல்

முதுகில் இருக்கும் இறக்கை மொட்டுகள் தடித்து உப்பினால் அடுத்தது கடைசித் தோல் என்று அர்த்தம். இம்முறை தோலிலிருந்து இறங்குவதோடு வேலை முடியாது, இறக்கைகள் கசங்கிய துணி மாதிரி வெளியே வந்து, தொங்கியபடியே நீண்டு, பிறகுதான் காயும். அதற்குள் தொந்தரவு செய்தால் கடைசிவரை சுருங்கிய இறக்கையோடுதான் இருக்கும். கூண்டைப் பெரிதாக்குவது என்றால் முந்தைய தோல் முடிந்த கையோடு செய்துவிடுங்கள், மொட்டு உப்பிய பிறகு இடம் மாற்ற வேண்டாம். ஸ்பிரேயை ஒரு வேளை கூட்டலாம், ஆனால் பூச்சியின் மேல் நேரடியாக அடிக்கக் கூடாது.

ஆர்க்கிட் மாண்டிஸின் இறக்கை வெள்ளையாக வரும், மெல்லிய மஞ்சளோ பழுப்போ கலந்திருக்கலாம். 'கஷ்டப்பட்டு ரோஸ் வரவைத்தேன், இறக்கை வந்ததும் வெள்ளையாகிவிட்டது' என்று வருத்தப்படுகிறார்கள். ரோஸ் தெரிந்த முதுகையும் வயிற்றையும் இறக்கை மூடிவிட்டது, அவ்வளவுதான். கால்களைப் பாருங்கள், அங்கே சாயல் மிச்சமிருந்தாலும் இருக்கும்.

கிரியோப்ரோட்டரில்தான் இந்தக் கடைசித் தோல் முழு வேடத்தையும் மாற்றிவிடுகிறது. பச்சை முன்னிறக்கை ஒவ்வொன்றின் நடுவிலும் கறுப்பு வரம்பிட்ட, மஞ்சள் வெள்ளை கலந்த ஒரு கண். குஞ்சுப் பருவத்தில் இதன் சுவடே இருக்காது. இறக்கை காயக் காயத்தான் கறுப்பு வரம்பு அழுத்தமாகும், முதல் சில மணி நேரம் அந்தக் கண் வெளிறிப்போயிருந்தால் குறை என்று நினைக்காதீர்கள். மிரட்டும்போது இறக்கையை விரித்தால் பின்னிறக்கையின் சிவந்த சாயல் தெரியும். அதைப் படம் எடுப்பதற்காகச் சீண்டிக்கொண்டே இருப்பவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள், பயந்தால்தான் அது அப்படி விரிக்கும்.

9. வளர்ந்த பிறகு

இனி தோலுரிப்பு இல்லை, அதனால் பெரிய மாற்றமும் இல்லை. வயதாக ஆக ஆர்க்கிட் மாண்டிஸின் வெள்ளை மஞ்சளித்துக்கொண்டு போகும், இறக்கை ஓரங்கள் பழுப்பாகும், கால் நுனிகள் கறுக்கும். வளர்ந்த பிறகு பெண் சில மாதங்கள் இருக்கும், ஆணின் காலம் அதைவிடக் குறைவு. இந்தப் பழுப்பு ஈரத்தாலோ வெளிச்சத்தாலோ திரும்பாது, இதற்காக எதையும் மாற்ற வேண்டாம்.

கால் நுனி கறுக்க ஆரம்பித்த பெண்ணுக்கு கூரையில் தொங்கும் பிடி குறையும். அப்போது குச்சிகளைத் தாழ்வாகச் சாய்த்து வையுங்கள், தரையில் மடித்த டிஷ்யூ பேப்பர் போடுங்கள், பறக்கும் ஈயை அதுவே துரத்திப் பிடிக்கட்டும் என்று விடாமல் இடுக்கியால் வாய்ப்பக்கம் நீட்டிக் கொடுங்கள்.